பதினோராவது வளைவு

அஞ்சு ரோட்டில், வளையல் கடைக்கு மேல்மாடியில்,
ஏஜெண்ட் செந்தாமரைக்கண்ணன் விசாக்களை
பஸ் நம்பர் போல ஒப்பித்தார்.
நூற்று எண்பத்தொன்பது நேராகப் போகும், இடம் கிடைப்பது கஷ்டம்.
நூற்றித் தொண்ணூறு ஏதாவது மாநிலம் கைகாட்டினால் நிற்கும்.
நானூற்றித் தொண்ணூற்றொன்றுக்கு ஐந்து வருஷம்தான் கணக்கு,
ஆனால் மூன்று வருஷம் வரி கட்டிக் குடியிருந்தால்
அங்கிருந்தே நிரந்தரத்துக்கு வண்டி மாறிக்கொள்ளலாம்.
பழைய பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியே
கைக்குட்டை போட்டு இடம் பிடித்தவள் நான்.
"எதுல கூட்டம் கம்மி?" என்றேன்.

முப்பத்திரண்டு வயதுக்கு முப்பது பாயிண்ட்.
புரட்டாசி வந்தால் அதில் ஐந்து போய்விடுமாம்.
நர்சிங் பட்டத்துக்குப் பதினைந்து.
டயாலிசிஸ் வார்டில் எட்டு வருஷம், அதற்கும் பதினைந்து.
(அந்த எட்டு வருஷத்துக்கு இங்கே கிடைப்பது
மாதம் பதினெட்டாயிரத்து ஐநூறு,
தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ்.)
இரண்டாம் முறை எழுதிய இங்கிலீஷுக்குப் பத்து.

அப்புறம், கணவன் என்றொரு கட்டம்.
கல்யாணமே ஆகாதிருந்தால் பத்து.
இங்கிலீஷ் தெரிந்த கணவன் என்றால் ஐந்து.
மாதேஸ்வரனுக்குச் சைபர்.

நான் சிரித்துவிட்டேன்.
வேன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தவர்
நிறுத்தினார்.

"ஆஸ்திரேலியாவில் ஒதுக்குப்புற ஊர் பரவாயில்லையா?
பதினைந்து அதிகம் தருவான்."
நாகலூரில் பிறந்தவளிடம் கேட்கிறார்.
எங்களுக்கு டாக்டர் என்பது கீழே இறங்கிப் பார்க்கிற விஷயம்.
மேலே போஸ்டிங் வந்தவர்கள் எல்லாம்
ஒரு பனிக்காலம் முடிவதற்குள்
மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்கள்.
அவர்களுக்கும் யாராவது
பதினைந்து போட்டிருக்கலாம்.

மறுநாளிலிருந்து மாதேஸ்வரன்
ஏற்காடு சவாரியில் வளைவுக்கு ஒரு வாக்கியம் பேசினார்.
ஐ ஆம் டர்னிங் லெஃப்ட்.
தி ஃபாக் இஸ் கமிங்.
தட் மங்கி இஸ் நாட் மூவிங்.
பின்சீட்டு ஈரோட்டுக் குடும்பம்
டிரைவர் மந்திரம் சொல்கிறார் என்று
கன்னத்தில் போட்டுக்கொண்டதாம்.
ஏரிக்கரையில் ஒரு டீ.
ஏறும்போது நிகழ்காலத்தில் சொன்னதை எல்லாம்
இறங்கும்போது இறந்தகாலத்தில் சொல்வார்.

பரீட்சை கோயமுத்தூரில்.
நீங்கள் அடிக்கடி போகும் ஒரு பாதையைப் பற்றி
இரண்டு நிமிடம் பேசவும்.

ராத்திரி வந்தவர் செருப்பைக் கழற்றவில்லை.
"பதினொண்ணாவது வளைவுலயே நிறுத்திட்டாங்க அந்தம்மா.
மேல இன்னும் ஒம்போது இருக்குன்னேன்.
தேங்க் யூன்னாங்க."

எட்டு நாள் கழித்து வந்த தாளில்
எல்லாக் கட்டத்திலும் ஆறு.
ஆறு இருந்தால் போதும், ஐந்து பாயிண்ட்.
புரட்டாசி பிடுங்கிக்கொள்ளப் பார்த்த அதே ஐந்து.
அதைப் போய் அவரிடம் சொல்லத் தெரியவில்லை எனக்கு,
ரெண்டு தட்டுவடை செட் வாங்கி வந்தேன்.
அவர் பீட்ரூட்டை எடுத்துவிட்டுச் சாப்பிட்டார்,
எப்போதும் போல.

அழைப்பு வந்த ஊரை நேற்று மேப்பில் விரித்தோம்.
ஒரு ஆஸ்பத்திரி, ஒரு பெட்ரோல் பங்க்,
கோதுமை கொட்டி வைக்கும் நாலு உருளைகள்,
ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி ஒரு ரோடு.
விரலால் தள்ளிக்கொண்டே போனார்,
நூற்றுப்பத்து கிலோமீட்டர்.
திரும்புவதற்கு ஒன்றுமே இல்லை.

"ஜெசிந்தா,
இந்த ரோட்டுல எனக்குத் தூக்கம் வந்துடும்" என்றார்.

பக்கத்துல உட்கார்ந்து பேசிக்கிட்டே வரேன் என்றேன்.

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.
வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும்.