அழகர்கோவில் கடைசி வண்டி

ராத்திரி ஒண்ணே முக்காலுக்குச் செல்லூரில்
தறிச் சத்தம்கூட அடங்கிவிட்டது.
என் மகள் அடங்கவில்லை.
பிறந்து ஐம்பத்திரண்டு நாள்.
காலை வயிற்றோடு மடக்கி, முகம் மிளகாய்ப்பழமாகி,
யாரையோ விசாரணைக்குக் கூப்பிடுவதுபோல் அழுகிறாள்.

அப்பா தேன் பாட்டிலோடு வந்தார்,
கைலியை மடித்துக் கட்டி, கண்ணாடி இல்லாமல்.
"சுண்டு விரல்ல ஒரு சொட்டு. நாக்குல தடவுனா போதும்.
மலைத்தேன், நத்தத்துல இருந்து கொண்டாந்தது."
வேண்டாம் என்றேன்.
ஒரு வயசு முடியும்வரை தேன் கூடாதென்று
டாக்டர் சொன்னதை மூன்றாவது முறையாகச் சொன்னேன்.
மூன்றாவது முறை சொல்லும்போது
அது டாக்டர் சொன்னதாக இருப்பதில்லை,
மகள் எதிர்த்துப் பேசுவதாகிவிடுகிறது.

"அப்பக் குப்புறப் போடு. வயிறு அமுங்குனா வாயு போகும்."
கூடாது.
"உரம் விழுந்திருக்கும். வாய்க்கால்கிட்ட ஒரு ஆளு இருக்கு,
சேலையில போட்டு உருட்டி எடுத்திரும்."
கூடாது.
"கசகசாவ அரைச்சு..."
அப்பா!

கூடாது கூடாது என்று
நானே ஒரு அரசாங்க போர்டு மாதிரி நிற்கிறேன்.
புகை பிடிக்காதீர். படியில் பயணம் செய்யாதீர்.
முப்பத்தொரு வருஷம்
அந்த போர்டுக்குக் கீழே தோல் பையோடு நின்றவர் அவர்.
படியில் தொங்கியவனைச் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தும் இருக்கிறார்,
சித்திரைக் கூட்டத்தில் பார்க்காததுபோல்
விசில் கொடுத்தும் இருக்கிறார்.

"மூணு பிள்ளைய இப்படித்தான் வளத்தோம்.
மூணு பேரும் கல்லு மாதிரி இருக்கீகளா இல்லையா?"

அடுப்படி இருட்டில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்த அம்மா
திரும்பாமலே சொன்னாள்:
"பெத்தது நாலு."

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம்
குழந்தை மட்டும்தான் பேசியது.

நான் கடைக்குட்டி.
எனக்கு முன்னால் யார், எத்தனை நாள்,
என்ன கொடுத்தார்கள், என்ன கொடுக்கவில்லை,
எதையும் கேட்கவில்லை.
கேட்டால் காய்ச்சல் என்பார்கள்.
காய்ச்சலாகவே இருந்திருக்கலாம்.

அப்பா பாட்டிலை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை,
மறுபடி திருகினார்.
டிக்கெட் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும்
டிப்போவை விட்டு நகராத மனுஷன்.

"இங்கிட்டுக் குடு."
கொடுத்தேன். வாய்வரை வந்ததை விழுங்கினேன்.
முழுசாக விழுங்க முடியவில்லை:
"கழுத்து."
"தெரியுது."

தோளில் சாய்த்துக்கொண்டு கூடத்தில் நடந்தார்,
ஓடும் வண்டியில் நின்று பழகிய நடை,
கால் அகட்டி, எதையும் பிடிக்காமல்.
பெரியார். சிம்மக்கல்.
வாயால் சொல்லவில்லை, தொண்டைக்குள் ஓர் இன்ஜின்.
கோரிப்பாளையம்லாம் இறங்கு. தல்லாகுளம்.
புதூரில் அவள் விக்கினாள்.
மூன்றுமாவடியில் ஒருமுறை வீறிட்டாள்,
யாரோ இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டதுபோல்.
கடச்சனேந்தல். அப்பன்திருப்பதி.
பொய்கைக்கரைப்பட்டியில்
பனியனைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன.
அழகர்கோவில் போய்ச் சேர்ந்த பிறகும் அவர் நிற்கவில்லை,
ஊருக்குத் திரும்பும் காலி வண்டியாக
ஒரு நடை கூடவே நடந்தார்.

பாயருகே வந்து, என்னைப் பார்க்காமல்:
"எப்படிப் போடணும்?"
மல்லாக்க என்றேன்.
"மல்லாக்கப் போட்டா தூக்கிப்போட்டு முழிக்கும்" என்றார்.
மல்லாக்கத்தான் போட்டார்.
பக்கத்தில் அணைப்பாக ஒரு தலையணையும் வைத்தார்.
அவர் முதுகு திரும்பியதும் நான் அதை எடுத்தேன்.

காலையில் தேன் பாட்டில்
வழக்கமான இடத்தில் இல்லை.
அலமாரியின் உச்சித் தட்டில், எவர்சில்வர் தூக்குக்குப் பின்னால்,
கை எட்டாத உயரத்தில் இருந்தது.
அவர் ஆறடி.
நான்தான் ஸ்டூல் போட வேண்டும்.