வலது கன்னம்

டாக்டர் ஓங் கேட்டது ஒன்றுதான்:
"என்ன வேலை, அங்கிள்?"
பட்டர்வொர்த்திலிருந்து பாயான் லெப்பாஸுக்கு
ஃபேக்டரி வேன். இருபத்தாறு வருஷம்.
"முகமே சொல்லுது" என்றாள்.

வலது கன்னம் வெடிப்பு விட்ட டேஷ்போர்டு.
நெற்றியோரம் ஆறாத ஒரு பொருக்கு.
இடது கன்னம்
இன்னும் கல்யாண ஆல்பத்திலேயே இருக்கிறது.

வெளியே போனால் இடப்பக்கம் உட்காரும் மரகதவல்லி
"உங்களுக்கு வயசே ஆகல" என்பாள்.
பொய்யில்லை.
அவள் பார்த்தது அவ்வளவுதான்.

வெட்டி எடுத்து, ஒன்பது தையல்.
இன்று அவள் ஓட்டுகிறாள்.
பாலத்தின் நடுவில் ஒருமுறை திரும்பினாள்.
ஒன்றும் பேசவில்லை.
பிறை வந்ததும் கை நீட்டி
என் பக்கத்து சன்ஷேடைக் கீழே இழுத்துவிட்டாள்.

நெற்றி வரைதான் நிழல்.
ஜன்னலோரம்,
இடது கன்னத்தில்,
சுடச்சுட வெயில்.