எடுக்காத ஞாயிறு

சனி இரவு பன்னிரண்டு அடிக்குமுன்
பேட்டரியைக் கழற்றி
மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிடுவேன்.
காமிரா ஓர் அலமாரியில், அதன் உயிர் இன்னொன்றில்.
லூயிஸ் தீவின் இந்தக் கரையில்
ஞாயிற்றுக்கிழமை கொடியில் துணிகூடக் காயாது.

மற்ற ஆறு நாளும் தபால் வண்டி.
கடைசிக் கடிதம் கொடுத்ததும் வண்டியைச் சரிவில் விட்டுவிட்டு
கரிச்சேற்றில் கால் புதையப் புதைய நடப்பேன்.
குட்டையிலிருந்து நாற்பது அடி தள்ளி
ஹெதர் புதருக்குள் ஒரு கித்தான் கூடு.
ஒளிக்காக ஒளிந்திருக்கும் வேலை.

போதகர் மெக்ஃபெயில் ஒருமுறை கேட்டார்:
"அங்கே மணிக்கணக்காய் என்ன செய்கிறாய், டோர்மட்?"
ஜெபம் என்று சொல்ல வாய் வரவில்லை.
"நனைகிறேன்" என்றேன்.

ஆனால் ஜெபம்தான், வேறென்ன.
முதல் மணி நேரம் எனக்குப் படம் வேண்டும்.
இரண்டாவதில் சூடாகத் தேநீர்.
மூன்றாவதில், ஊர்க் கடிதமெல்லாம் சுமக்கிறவன்
தங்கைக்கு எழுதாமல் விட்ட ஒரு கடிதம்
நெஞ்சுக்குள் பிரியும்.
அதற்கும் அப்பால் கேட்க ஒன்றும் இராது.
கித்தானில் மழை.
மழைக்குக் கீழே யாரோ மூச்சு விடுகிறான்,
அவ்வளவே.

மூன்று கோடையாகக் காத்திருந்தது
செந்தொண்டை முக்குளிப்பானுக்கு.
எப்போதாவது குஞ்சை முதுகில் ஏற்றிக்கொள்ளுமாம்.
பதினோராயிரம் சொடுக்கு:
நீர், நீரின் சுருக்கம்,
பறவை சற்றுமுன் இருந்த இடத்தில் ஒரு வளையம்.

எங்கள் ஆலயத்தில் சிலுவைகூட இல்லை.
வெள்ளைச் சுவர், நிறமில்லாக் கண்ணாடி.
கர்த்தருக்கு உருவம் செய்யாத ஜனம் நாங்கள்.
அவர் கைவேலையை நான் பெட்டியில் அடைக்கலாமா?
பல இரவு இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறேன்.
படத்தை விட, எடுத்தவனை
நான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் உண்டு.
விக்கிரகம் ஏதாவது இருந்தால்
அதற்கு என் மூக்கு, என் தாடி.

ஜூன், மூன்றாம் ஞாயிறு.
கறுப்புக் கோட்டு, துடைத்த காலணி.
ஆலயத்துக்குப் போகும் சாலையோரக் குட்டையில்,
எட்டடியில்,
அது.
தொண்டையில் துருவின் சிவப்பு.
முதுகில் ஈரச் சாம்பல் உருண்டையாய்க் குஞ்சு.
காற்று இல்லை. மேகம்
வெளிச்சத்தைச் சலித்துச் சலித்துக் கொட்டியது.

என் சுட்டுவிரல் தானாக மடங்கியது.
மாவு டப்பா ஞாபகம் வந்தது.
ஓடினால் ஏழு நிமிடம்.
பார்க்க ஒருவரும் இல்லை,
பார்க்கிறவரைத் தவிர.

ஓடவில்லை.
பக்தி என்று சொல்லமாட்டேன்,
கால் எழவில்லை.
நாலு பக்கமும் சட்டம் இல்லாமல்
ஒரு பறவையை அன்றுதான் பார்த்தேன்.
குஞ்சின் ஒரு கண் சரியாகத் திறக்கவில்லை.
தாயின் அலகு நுனியில் ஒரு சொட்டு
விழலாமா என்று யோசித்து யோசித்து
விழுந்தது.
லென்ஸ் இதையெல்லாம் பெரிதாக்கியிருக்கும்.
நான் பார்த்திருக்கமாட்டேன்.

பிறகு அது தன் சிவந்த கண்ணை
என் பக்கம் திருப்பியது.
எடுத்துக்கொண்டதா, தெரியாது.

நான் நுழைந்தபோது பாட்டு தொடங்கிவிட்டது.
முன்பாடகர் ஒரு வரியை எடுத்துவிட,
சபை கேலிக் மொழியில்
முன்னே பின்னே, முன்னே பின்னே எழும்பியது,
நீரை உதறிக் கிளம்பும் கூட்டம்போல.
சுவர் வெறுமையாக இருந்தது.
இடம் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

பிரசங்கத்தின் பாதியிலும்
மடியில் என் விரல் மடங்கியே கிடந்தது.
பக்கத்தில் விதவை ஓய்ரிக்,
பிரசங்க பீடத்திலிருந்து கண்ணை எடுக்காமல்,
காகிதம் சரசரக்க,
ஒரு வெள்ளைப் புதினா மிட்டாயை
என் பக்கம் நகர்த்தினாள்.
வாங்க விரலை விரிக்க வேண்டியிருந்தது.
விரித்தேன்.