ஏழாம் விதி, திருத்தம்

கம்பனி அணிக்கு ஒருமுறை கையெழுத்து வைத்தால்
கல்லூரிச் சட்டையைத் திரும்பப் போட முடியாது.
ஏழாம் விதி. பழையது.

யதுர்சன் வைத்தான்.
கொழும்பில் பதினொரு நாள்.
முழங்காலைப் பார்த்த டொக்டர்
அவன் முகத்தைப் பார்க்கவில்லை.
இரவு பஸ்ஸில் வந்திறங்கினான்
ஒரு சதமும் சம்பளம் வாங்காத
தொழில்முறை வீரன்.

அதன்பிறகு எங்கள் ஆட்டங்களில்
புள்ளிப் பலகைக்கு இலக்கம் மாற்றுவான்.
கூடைக்குக் கீழே மான் வந்து படுத்தால்
எழுப்பி அனுப்புவதும் அவன்தான்,
பந்தை ஒருதரம் தட்டி.
ஒருதரம்தான். அதற்கு விதி இல்லை.

நேற்று உட்துறைமுக வீதியில் கூட்டம்.
கரண்ட் இல்லை. கடற்காற்று
தாள்களைப் புரட்டிக்கொண்டே இருந்தது.
‘தெரிவில் எடுபடாதவர்
முப்பது நாளுக்குள் திரும்பி வரலாம்.’
கை தூக்கினார்கள்.
குறிப்பெடுத்தவள் நான்.
முன்னம் போனவர்களுக்கும் பொருந்துமா என்றேன்.
குறிப்பெடுப்பவருக்குக் கேள்வி கேட்க
உரிமை இல்லையாம்.
அதையும் எழுதினேன்.

வாசலில் சைக்கிளோடு நின்றான்.
‘எத்தனைக்கு எத்தனை?’
‘ஒன்பதுக்கு இரண்டு. வென்றாச்சு.’
சங்கிலியில் கழன்ற பல்லை மாட்டியபடி
நிமிராமல் கேட்டான்:
‘ஆர்?’