ஐந்து பத்துக்கு ஒரு மிஸ்டு கால்

சனிக்கிழமை மாலை ஆறரை.
வியாசர்பாடி, ஆலயத்து மாடி அறை.
‘ஆவியில் வளர ஏழு படிகள்’ என்று
ஆபீஸ் மடிக்கணினியில்
ஆபீஸ் நேரத்தில் நான் செய்துவந்த படங்கள்
மூன்றாம் படியில் அணைந்தன.
கரண்ட் போய்விட்டது.

வாலிபர் கூட்டத்துக்கு வந்தவர்கள் பதினொன்று என்று
பதிவேட்டில் எழுதியிருந்தேன்.
இருட்டில் மூச்சை எண்ணினால் பதினான்கு.

“சரி, ஜெபிப்போம்” என்றேன்.
அடுத்து என்ன செய்வதென்று தெரியாதபோதெல்லாம்
நான் சொல்வது அது.

யாரும் ஆரம்பிக்கவில்லை.
செல்போன் விளக்கைப் போடப்போன பெர்சிஸை
“வேணாம், இப்படியே இருக்கட்டும்” என்றது ஒரு குரல்.
பிறகு ஏனோஸ் கேட்டான்:
“அண்ணா, நாங்க யாரும் இல்லாதப்போ
நீங்க மட்டும் தனியா
கடைசியா எப்ப ஜெபம் பண்ணீங்க?”

கிண்டல் இல்லை.
சாப்டீங்களா என்று கேட்கிற குரல்.

நாலைந்து பொய்கள்
ரேஷன் கடை வரிசைபோல வாயருகே வந்து நின்றன.
ஒன்றையும் விடவில்லை.
“பொங்கலுக்கு முன்னாடி” என்றேன்.
அது ஜூலை மாதம்.

மின்விசிறி முதலில் சுற்றியது, வெளிச்சம் பிறகு.
திரையில் மறுபடி மூன்றாம் படி.
நானே அணைத்துவிட்டேன்.

சமோசா தீர்ந்து எல்லோரும் இறங்குகையில்
ஏனோஸ் பக்கத்தில் வந்தான்.
“நாலரைக்கே பால் டப் இறக்கப் போயிடுவேன்ணா.
அஞ்சு பத்துக்கு ஒரு மிஸ்டு கால் குடுக்கவா?
எடுத்துடாதீங்க.
எடுத்தா நம்ம ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சிடுவோம்.”

ஞாயிறு அடித்தது; தலையணையைப் புரட்டிப் போட்டேன்.
திங்களும் அதே.
செவ்வாய் எழுந்து உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.
புதன்கிழமை மொட்டை மாடி.

சின்டெக்ஸ் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே
மண்டியிட்டால் சிமெண்ட் குத்துகிறது.
மைக் முன்னால் எனக்கு வருகிற வார்த்தைகள் எல்லாம்
சட்டையை இன் பண்ணிக்கொண்டு வருபவை.
லுங்கியோடு வர அவற்றுக்குக் கூச்சம்.
“வந்துட்டேன்” என்றேன்.
பேசின் பிரிட்ஜ் பக்கம் ஒரு கூட்ஸ் வண்டி
வெகுநேரம் போய்க்கொண்டே இருந்தது.
அது முடிகிறவரை இருந்துவிட்டு இறங்கினேன்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ
அந்தப் பதினான்கு பேரையும் பேர் பேராகச் சொல்லலாம் என்று தொடங்கினேன்.
பன்னிரண்டில் நின்றது.
மீதி இரண்டு பேரை
மூன்று வருஷமாக
தம்பி என்றே கூப்பிட்டிருக்கிறேன்.
கண்ணைத் திறந்து
காகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை கேட்டேன்.
ஒருவன் ஏபேல். இன்னொருவன் கிளாட்வின்.
கிளாட்வின் தரையைப் பார்த்துச் சொன்னான்:
“முன்னாடியே சொல்லிருக்கேன்ணா.”

ஆகஸ்டில் ஒரு வியாழன்,
மிஸ்டு கால் வரவில்லை.
ஐந்து பத்து. ஐந்து இருபது.
போனைக் குலுக்கிக்கூடப் பார்த்தேன்.
ஆறு மணிக்கு பெர்சிஸ் செய்தி அனுப்பியிருந்தாள்:
ஏனோஸ் அப்பாவுக்கு நெஞ்சுவலி, ஸ்டான்லியில் சேர்த்திருக்கு.

போனேன். வாசலில் நின்றிருந்தான்,
பால் வாடை போகாத அதே சட்டை.
பழக்கத்தில் ஒரு வசனம் நாக்குவரை வந்தது.
இட்லிப் பொட்டலத்தைக் கொடுத்தேன்.
“அண்ணா, நேத்து ராத்திரி ஒண்ணுமே கேக்கத் தோணல” என்றான்.
“சரி” என்றேன்.
அதற்குமேல் எனக்கும் தெரியவில்லை.

மறுநாள்
ஐந்து பத்துக்கு
நான் அடித்தேன்.
இரண்டு மணியில் வெட்டிவிடலாம் என்றிருந்தேன்.
எடுத்துவிட்டான்.

அவன் பேசவில்லை. நானும்.
அவன் பக்கம்
வராந்தாவில் யாரோ பக்கெட்டை இழுக்கிற சத்தம்.
என் பக்கம் காகம்.

மூன்று நிமிடம் நாற்பது நொடி என்று
பிறகு போன் காட்டியது.