காலி எடை

ஆத்தூர் சாலையில் ஜவ்வரிசி ஆலை வாசலில்
எடைமேடைக்காரி நான்.
லோடு எடை, காலி எடை.
கழித்தால் மிச்சம் கிழங்கு.
பதினோரு வருஷத்தில் இந்தக் கணக்கு மட்டும்
எனக்குத் தப்பியதில்லை.

என் சொந்த லோடு தொண்ணூற்றொன்று.
வியாழன்தோறும்
தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி ஓர் ஊசி.
ஃப்ரிட்ஜில் மாவுத் தூக்குக்குப் பின்னால்
பேனா மாதிரி படுத்திருக்கும்.
முதல் மாதமே
சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது பசி.
பஸ் ஸ்டாண்டு ஓரம் தட்டுவடை செட்டு
பீட்ரூட் சிவப்பில் அடுக்கியிருக்க
யார் வீட்டுக் கல்யாணமோ என்று கடந்து போனேன்.

எண்பத்தைந்து. எண்பது. எழுபத்தாறு.
"இளைச்சுட்டீங்கக்கா" என்றான் மாதேசன்
லாரியை விட்டு இறங்காமலே,
பாராட்டா துக்கமா என்று தெரியாத குரலில்.

பிறகு மேடைக்கு முத்திரை போட வந்த நாள்.
இருபது கிலோ இரும்புக்கற்களை ஒவ்வொன்றாய்
மூலைக்கு மூலை வைத்துக் காட்டவேண்டும்.
வருஷா வருஷம் இடுப்புப் பிள்ளை மாதிரி
தூக்கி வைத்தவள்தான்.
அன்று கல்
ஒரு சாண் எழுந்தது,
மறுபடி தரையைக் கேட்டது.
இன்ஸ்பெக்டர் பார்க்காதவர் போல
ரெஜிஸ்டரைப் புரட்டினார்.
தோளைவிட அதுதான் வலித்தது.

அஸ்தம்பட்டியில் டாக்டர் நஸ்ரின்
ஒரு கைப்பிடியைக் கொடுத்து
இறுக்கச் சொன்னார். முள் பாதியில் நின்றது.
"இறங்கினதெல்லாம் கொழுப்பு இல்லீங்க.
தசையும் கூடவே இறங்குது."

எனக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம்.
கிழங்கை வெறும் எடைக்கு யார் வாங்குகிறார்கள்?
கூடையைத் தண்ணீரில் தொங்கவிட்டு
பாயிண்ட் பார்த்துத்தான் விலை.
ஒரே எடையில் இரண்டு வண்டி வரும்,
ஒன்று இருபத்தெட்டு பாயிண்ட், ஒன்று இருபத்திரண்டு.
மாவு எது, தண்ணீர் எது,
மேடைக்குத் தெரியாது.
சரக்கை இறக்கச் சொல்லிக் கதவைத் திறந்துவிட்டேன்.
அச்சையும் சக்கரத்தையும் சேர்த்து
உருட்டிக்கொண்டு போகிறார்கள்.
நானோ
ரசீதில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

காலையில் இரண்டு முட்டை.
பதினொரு மணிக்குக் கொண்டைக்கடலை.
பசியில்லாமல் மெல்வது
கூலியில்லாத வேலை.
எதிரே உட்கார்ந்து பச்சமுத்து
"இன்னும் ஒரு வாய்" என்பார்,
கட்டின நாளிலிருந்து
என் தட்டை நிமிர்ந்து பார்க்காத மனுஷர்.
குமட்டும் நாளும் உண்டு. அன்றைக்கு
மோரோடு சரி.
அப்படியே சுருண்டு படுத்துவிடுவேன்.

லாரிக்கும் லாரிக்கும் நடுவே
ஸ்டூலில் கை ஊன்றாமல் எழுந்து உட்கார்ந்து
எழுந்து உட்கார்ந்து.
ஐந்து கிலோக் கல். பத்து வாரம் கழித்துப் பத்து கிலோ.
"லோடுமேன் சங்கத்துல சேர்ந்துருங்கக்கா"
என்று சிரித்தான் மாதேசன்.
ஜன்னலுக்கு அந்தப் பக்கம்
சேர்வராயன் மலை,
யார் எடை போடுவது பார்க்கலாம் என்று
உட்கார்ந்திருந்தது.

சீசன் ஓய்ந்த ஒரு ராத்திரி
கடைசி வண்டியும் போனபின்
மேடையில் நானே ஏறி நின்றேன்.
டன் கணக்கு பார்க்கிற மிஷின்,
பத்துப் பத்தாகத்தான் எண்ணும்.
கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பாய்
எழுபது.
இறங்கி வந்து
முழங்கால் மடக்கி, மூச்சை விட்டு,
இருபது கிலோக் கல்லை
மாரோடு அணைத்துக்கொண்டு மறுபடி ஏறினேன்.

தொண்ணூறு.

கிட்டத்தட்ட பழைய லோடு.
தெருநாய் ஒன்று
மேடை ஓரம் வந்து மோந்து பார்த்துப் போனது.
கை நடுங்கியது, ஆனாலும் கொஞ்ச நேரம்
சும்மா நின்றேன்.

அப்புறம்
நானே இறக்கி வைத்தேன்.