குறுக்குத்தடம்

செப்டம்பர் பிறந்ததும்
மண்ணில் வெப்பமானியைக் குத்திப் பார்ப்பேன்.
காற்று ஆறி, மண் மட்டும் சூடு விடாமல் முரண்டுபிடிக்கிற
பத்துப் பதினைந்து நாள்தான்
விஸ்கான்சினில் புல் விதைக்க முகூர்த்தம்.

விளக்குக் கம்பத்தில் தொடங்கிப்
பக்கத்து வீட்டுப் படி வரைக்கும்
கோணலாக ஒரு வழுக்கை.
தபால்காரர் வெர்லின் ஸ்காப் கால்களால் போட்டது.
நடைபாதையில் போனால் இருபத்திரண்டு அடி கூடுதலாம்.
தோள்பையோடு வாரம் ஆறு நாள்
என் புல்வெளியைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போவார்.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.
டொம்ப்ரோவ்ஸ்கி என்ற என் பெயரைத்
தெருவில் சரியாகச் சொல்பவர் அவர் ஒருவர்தான்.
ஆகவே வாரியால் கீறினேன், விதை தூவினேன்,
மேலே வைக்கோல் உதறினேன்.
காலை பத்துக்கும் மதியம் இரண்டுக்கும்
மேல்மண் நனைய மட்டும் தண்ணீர்.

கடைப்பையில் மூன்று சாதி கலந்திருக்கும்.
ரை அவசரக்காரி, ஐந்தாம் நாளே எட்டிப் பார்ப்பாள்.
ஃபெஸ்க்யூ பத்து நாள் கேட்பாள்.
புளூகிராஸ் மட்டும் மூன்று வாரம்
இருட்டுக்குள் என்னதான் யோசிப்பாளோ.
அவள் தலைகாட்டுவதற்குள்
வெர்லினின் பூட்ஸ் பதினெட்டு முறை
அவளை மிதித்துப் போயிருக்கும்.

ஒரு வருடம் கயிறு கட்டினேன்.
காலைத் தூக்கி, ரொம்ப மரியாதையாகத் தாண்டினார்.
"இந்தத் தடவை நல்லா முளைச்சிருக்கே" என்று வேறு.

ஏழு செப்டம்பர்.
அந்தந்த வருடம் கடையில் வந்திறங்கிய
புது ரகம் எதுவோ, அது.
மழுங்கிய பிளேடு நுனியைக் கிழிக்கும்,
கிழிந்த நுனி வெளுக்கும் என்பதால்
கோடைக்கு இரண்டு தரம் சாணை.
ஜூலையில் நான்கு அங்குலத்துக்குக் கீழே வெட்டியதில்லை.
அப்படியும் பழுத்துக் கிடந்ததைப் பார்த்து
எதிர்வீட்டு ஆர்லோ உச்சுக்கொட்டினான்.
சாகவில்லையப்பா, தூங்குகிறது என்றேன்.
எனக்கே பாதி நம்பிக்கைதான்.

இந்த மார்ச்சிலிருந்து ஒரு பையன் வருகிறான்.
வெர்லினுக்கு முழங்கால் மாற்றினார்களாம்,
மகளோடு அயோவாவில் இருக்கிறாராம்.
பையன் நடைபாதையை விட்டு இறங்குவதே இல்லை.
மின்கட்டணம், பல் டாக்டரின் அட்டை,
எல்லாம் நேரத்துக்கு வந்துவிடுகின்றன.

மிதிபடாத ஒரே கோடையில்
புளூகிராஸ் மண்ணுக்கடியில் கொடி ஓட்டி
இரண்டு கரையையும் தைத்துவிட்டாள்.
மண்டியிட்டுத் தடவினேன்.
தையல் எங்கே என்று விரலுக்குத் தெரியவில்லை.

நேற்று, நவம்பர் காலை,
காபியோடு மாடி ஜன்னலுக்கு வந்தேன்.
என் பழைய புல்லெல்லாம் நிறம் இறங்கிக் கிடக்க
நடுவே கோணலாக ஒரு பட்டை,
கரும்பச்சை, அடர்த்தி,
கம்பத்திலிருந்து பக்கத்து வீட்டுப் படி வரைக்கும்.

பதினொன்றரைக்குப் பையன் வந்தான்.
கதவைத் திறந்து கத்தினேன்:
"தம்பி, குறுக்கே போ, பரவாயில்லை."
காதில் எதையோ மாட்டியிருந்தான்.
கையசைத்துவிட்டுச்
சுற்றிக்கொண்டு போனான்.